தேங்காய் எண்ணெயும் இருபத்திரண்டு பேனாக்களும்

"தம்பி, பேனா ரொம்ப அழகா இருக்கு. கூடவே ஒரு ஸ்பானரும் குடுத்திருந்தீங்கன்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

ஆசிரியர் தினம் முடிந்த நாலாம் நாள், மலேசியாவின் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் அறையில் மூத்த டீச்சர் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய. காது மட்டும் சுட்டது. மேசை மேல் ஒரு பிஸ்கட் டின்னில் நான் கடைந்து கொடுத்த பேனாக்கள் இருபத்திரண்டு கிடந்தன. கொடுத்தது முப்பத்தாறு. மீதிப் பதினாலு நன்றாக இருந்ததால் வரவில்லையா, சொல்லக் கூச்சப்பட்டு வைத்துக்கொண்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையால் செய்த பேனாவைத் திருகினால் ஏன் இறுகிப்போகிறது என்று தமிழில் யாராவது முன்னமே எழுதி வைத்திருந்தால் எனக்கு ஐந்நூற்று நாற்பது ரிங்கிட்டும் ஏழெட்டு வாரத் தூக்கமும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கிறேன். வேலை பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில், தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வீட்டுக்கு வந்தால், சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் ஒரு சின்ன லேத் மெஷின் இருக்கிறது, அதுதான் என் உலகம். மூன்று வருடமாகப் பேனா கடைகிறேன். எல்லாம் சொந்தக்காரர்களுக்கு, நண்பர்களுக்கு. ஒரு நேரத்தில் ஒன்று, இரண்டு. அவற்றிலும் சில திருகுவதற்குக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். இனாமாக வாங்கிய சித்தப்பா எங்கே வாயைத் திறப்பார்?

பிப்ரவரி கடைசியில் அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். பள்ளி முன்பு தோட்டத்துக்குள் இருந்ததாம். அந்தப் பழைய பலகைக் கட்டடத்தின் உத்தரம் ஒன்றை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்களாம். "அண்ணே, அதுல டீச்சர்ஸ்க்குப் பேனா செஞ்சு குடுக்க முடியுமா?" மரத்தைப் போய்ப் பார்த்தேன். செங்கால் என்கிற மர வகை. வெளியே சாம்பல் பூத்துக் கிடந்தது, ஒரு ஓரத்தைச் சீவினால் உள்ளே தேன் நிறம். ஆணி அடித்த இடங்களில் மட்டும் இரும்புக்கறை கறுப்பாக இறங்கியிருந்தது. எனக்கு ஆசை தாங்கவில்லை. பேனா ஒன்றுக்கு நாற்பத்தைந்து ரிங்கிட், முப்பத்தாறு பேனா, மே 14க்குள் கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன். உத்தரத்தில் ஆணி ஓட்டையும் வெடிப்பும் போக நாற்பத்தோரு பேனாவுக்குத்தான் துண்டு தேறியது. இந்த எண்ணிக்கை பின்னால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கிட், அதாவது பேனாவின் உலோகப் பாகங்கள் அடங்கிய பொட்டலம், போனால் ஆர்டர் போட்டு வாங்கலாம். அந்த உத்தரத்துக்கு எங்கே போவது?

இந்தப் பேனாவின் அமைப்பைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே படிப்பது புரியாது. ஒல்லியான, திருகித் திறக்கும் பால்பாயிண்ட் பேனா. மரம் இரண்டு துண்டு, மேல் பாதி, கீழ்ப் பாதி. இரண்டிலும் நீளவாக்கில் 7 மி.மீ. துளை போட்டு, உள்ளே ஒரு பித்தளைக் குழாயை ஒட்டுவோம். பிறகு லேத்தில் மாட்டிக் கடைந்து, தேய்த்து, மெருகு ஏற்றுவோம். கீழ்ப் பாதியின் ஒரு முனையில் எழுதும் முனை, மறுமுனையில் திருகும் மெக்கானிசம், இரண்டையும் அழுத்தி இறக்குவோம். ரீஃபில் அந்த மெக்கானிசத்துக்குள் மரையாகத் திருகி நிற்கும், கிராஸ் (Cross) கம்பெனிப் பேனாவில் போடுகிற வகை. மெக்கானிசத்தின் மேல் பாகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு நடு வளையத்தைப் போட்டு, மேல் பாதியைச் சொருகுவோம். பசை கிடையாது, திருகாணி கிடையாது, வெறும் இறுக்கம்தான். மேல் பாதியைத் திருகினால் மெக்கானிசம் ரீஃபிலை முன்னே தள்ளும், மறுபக்கம் திருகினால் இழுத்துக்கொள்ளும். இவ்வளவுதான் பேனா. கெட்டுப்போக இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

கிட் நாற்பது, ஒன்று பன்னிரண்டு ரிங்கிட், வெளிநாட்டிலிருந்து வந்து சேர மூன்று வாரம். அதற்குள் துண்டுகளை அறுத்துத் துளைபோட்டு வைத்தேன். குழாய் ஒட்டத் தொடங்கியதும் முதல் அடி விழுந்தது. நான் எப்போதும் சூப்பர் க்ளூதான் போடுவேன். அது இறுகுவதற்கு வேண்டியதே காற்றில் இருக்கும் ஈரம். நம்ம ஊரில் மழை பிடித்த ஏப்ரல் மாலையில் ஈரத்துக்கா பஞ்சம்? குழாயை உள்ளே தள்ளும்போது பாதி வழியிலேயே கப்பென்று பிடித்துக்கொண்டது. அடுத்த துண்டும் அப்படியே. இரண்டு பேனாவுக்கான மரம் போச்சு. மிச்சம் முப்பத்தொன்பது. அன்று ராத்திரியே எபோக்சிக்கு மாறினேன். இரண்டு டியூபைக் கலந்து பூசுவது, அவசரப்படுத்தாது. ஆனால் எபோக்சி கெட்டி மோர் மாதிரி மெதுவாக நகரும். குழாயைத் தள்ளும்போது முன்னால் ஒதுங்குவது வழிந்து குழாயின் வாய்க்குள் போய்விடும். அது எனக்குத் தெரியும். இறுகிய பிறகு சுரண்டிவிடலாம் என்று நினைத்தேன். முப்பத்தாறு பேனா, எழுபத்திரண்டு குழாய், மே மாதம் நெருங்குகிறது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் சுரண்டினேனா என்று கேட்காதீர்கள்.

இப்போது நான் செய்வது வேறு. ஒட்டுவதற்கு முன்பே குழாயின் வாயை அடைத்துவிடுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை வைப்பார்கள், உருளைக்கிழங்கு வில்லையில் குழாயை ஒரு குத்து குத்தி அடைப்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் சப்பாத்தி மாவு. கெட்டியாகப் பிசைந்த மாவைத் தட்டையாக்கி அதில் குழாயைக் குத்தி எடுத்தால் வாயில் ஒரு அடைப்பு உட்கார்ந்துகொள்ளும். எபோக்சி இறுகியதும் ஒரு கம்பியால் தள்ளினால் மாவு வெளியே வந்துவிடும். அன்றைக்கே தள்ளிவிடுங்கள். நான் ஒரு தடவை மறந்து இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன், எறும்பு எனக்கு முன்னே வந்திருந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். குழாய் ஒட்டிய பிறகு மரத்தின் முனையைக் குழாயோடு சமமாகச் சீவ வேண்டும். அதற்கென்று ஒரு கட்டர் இருக்கிறது. நடுவில் ஒரு தண்டு குழாய்க்குள் போகும், சுற்றி இருக்கும் பற்கள் முகத்தைச் சீவும். செங்கால் கடினமான மரம். பத்துப் பேனாவுக்குள் பல் மழுங்கிவிட்டது. சீவுவதற்குப் பதிலாகத் தேய்க்கிறது, புகை வருகிறது, மரம் கருகுகிற வாசனை. நான் என்ன செய்தேன்? இன்னும் பலமாக அழுத்தினேன். மழுங்கிய கட்டரை அழுத்தினால் இரண்டு காரியம் நடக்கும். முகம் நேராக இல்லாமல் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு பக்கம் சாயும். அப்புறம், பித்தளைக் குழாயின் விளிம்பு உள்பக்கமாக மடங்கி ஒரு பிசிறு நிற்கும். விரலை விட்டுத் தடவினால் நகத்தில் மாட்டும். எனக்கும் மாட்டியது. பரவாயில்லை என்று விட்டேன்.

கடைசல் நன்றாக வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். மெருகுக்குச் சூப்பர் க்ளூவையே மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசித் தேய்ப்பேன், கண்ணாடி மாதிரி பளபளக்கும். பேனாக்களை வரிசையாக ஒரு தட்டில் அடுக்கி வைத்தபோது என் மனைவி எடுத்துப் பார்த்துவிட்டு, "விக்கவே மனசு வராதே" என்றாள். அந்தப் பெருமையிலேயே பொருத்தும் வேலையில் உட்கார்ந்தேன். அழுத்துவதற்கு என்னிடம் தனிப் பிரஸ் இல்லை, பொருளை இரண்டு தாடைக்குள் இறுக்கிப் பிடிக்கும் வைஸ்தான். தாடைக்கு இரண்டு பக்கமும் மரச்சக்கை வைத்து அழுத்தினேன். முதல் ஐந்தாறு சுகமாக இறங்கின. அப்புறம் ஒன்று இறங்கவே மறுத்தது. வைஸ் கைப்பிடியை இன்னும் அரைச் சுற்று சுற்றினேன், டக் என்று இறங்கியது. திருகிப் பார்த்தால் கல் மாதிரி.

அந்த டக் சத்தம் கேட்ட இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். சரியான குழாய்க்குள் மெக்கானிசம் ஒரே சீராக, வெண்ணெயில் விரல் இறங்குவது போல இறங்கும். முறைக்கிறது என்றால் உள்ளே பசையோ பிசிறோ இருக்கிறது, அல்லது கோணலாக நிற்கிறது. எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி இறக்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். முழுக்க இறங்கிய பிறகு எடுப்பதற்கு அரை மணி நேரம், பாதிப் பேனா மிஞ்சாது.

நான் நிறுத்தவில்லை. முப்பத்தாறையும் பொருத்தி முடித்த பிறகு எண்ணினால் பதினைந்து இறுக்கம். சிலது லேசாக, சிலது இரண்டு கையாலும் முறுக்கும் அளவுக்கு. தேதி மே 12. புதுசுதானே, திருகத் திருகத் தளர்ந்துவிடும் என்று முதலில் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டிவி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் நூறு தடவை திருகினேன். விரலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். அப்போதுதான் அந்தப் பொன்னான யோசனை தோன்றியது. கதவுக்கீல் கிறீச்சிட்டால் அம்மா என்ன செய்வார்? சாமி மேடைப் பக்கம் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். மேல் பாதியைக் கழற்றி, மெக்கானிசத்தின் இடுக்கில் ஊசி முனையால் ஒரு சொட்டு. திருகினேன். அப்படியே வழுக்கிக்கொண்டு போனது! பதினைந்துக்கும் விட்டேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன், அது வேறு வெட்கக்கேடு.

மே 16, பள்ளியில் விழா. சங்கத் தலைவர் பேசும்போது, 1956ல் இதே தேதியில்தான் கல்வி பற்றிய ரசாக் அறிக்கையைக் கூட்டரசு சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது, அதனால்தான் இது ஆசிரியர் தினம் என்று விளக்கினார். பழைய கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பேனாக்களைக் கொடுத்தார்கள். அங்கேயே படித்து அங்கேயே ஆசிரியராக வந்த ஒருவர் பேனாவை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. யாரும் எதுவும் குறை சொல்லவில்லை. மண்டபத்தில் மின்விசிறிதான், நல்ல வெக்கை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நாலு நாள் கழித்துச் செயலாளர் கூப்பிட்டார். ரொம்பத் தயங்கித் தயங்கி, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, பேனாவெல்லாம் கொஞ்சம் டைட்டா இருக்குன்னு சொல்றாங்க" என்றார். ஒருவர் பலமாகத் திருகப் போய் மேல் பாதி கையோடு வந்துவிட்டதாம். இன்னும் இரண்டு பேருடைய பேனாவில் கீழ்ப் பாதி மரம் விரிந்து கீறல் விழுந்துவிட்டதாம். எனக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் கிட் விற்றவன் மேல். மட்டமான மெக்கானிசத்தை அனுப்பிவிட்டான் என்று மனசுக்குள் திட்டி, புகார்க் கடிதமே பாதி எழுதிவிட்டேன். பிறகுதான் பள்ளிக்குப் போய் அந்த ஸ்பானர் வசனத்தை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆசிரியர் அறையில் ஏர்கோன் சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. டின்னிலிருந்து ஒன்றை எடுத்துத் திருகினேன், அசையவில்லை. நான் வீட்டில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து அனுப்பிய அதே பேனா. இருபத்திரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் மோட்டார் ஓட்டி வீட்டுக்கு வந்து, பின்கட்டில் உட்கார்ந்து அதே பேனாவைத் திருகினேன். சுகமாகத் திரும்புகிறது. இன்னொன்று, அதுவும் அப்படியே. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் அந்த டீச்சர்களெல்லாம் சேர்ந்து என்னை விளையாடுகிறார்களோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் ஒரு பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படுக்கையறை ஏர்கோனைப் பதினெட்டில் போட்டு, மேசை மேல் இன்னொன்றை வைத்து அரை மணி நேரம் காத்திருந்தேன். பையில் இருந்தது திரும்புகிறது. மேசை மேல் இருந்தது திரும்பவில்லை. குளிர்பெட்டிக்குள் பத்து நிமிடம் வைத்தேன், இன்னும் மோசம். மேல் பாதியைக் கழற்றிப் பார்த்தால் மெக்கானிசத்தின் இடுக்கில் வெள்ளையாக, மெழுகு பூத்த மாதிரி.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையும். பினாங்கு வெயிலில் பாட்டிலுக்குள் அது உறைந்து நான் பார்த்ததே இல்லை, அதனால் அந்த நினைப்பே வரவில்லை. தமிழ்நாட்டில் மார்கழிக் காலையில் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைக்கும் பழக்கம் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டதெல்லாம் வேண்டிய நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்.

ஆனால் எண்ணெய் மட்டும் காரணம் இல்லை. உண்மையான இறுக்கத்தை எண்ணெய் நாலு நாள் மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்தவற்றில் ஏழு, நான் எண்ணெயே விடாதவை. வீட்டில் நன்றாக இருந்து, பள்ளியில் போய் இறுகியவை. இங்கேதான் நான் இரண்டாவது பெரிய தப்பைச் செய்தேன். எதனால் என்று பார்க்காமல் உடனே பிரிக்க ஆரம்பித்தேன். மெக்கானிசத்தைக் குறட்டால் பிடித்து முறுக்கி இழுத்தேன். வெளியே வந்தது, ஆனால் நசுங்கிப்போய் வந்தது. ஐந்து மெக்கானிசம் அப்படி நாசமான பிறகுதான் புத்தி வந்தது. பேனா பிரிப்பதற்கென்று பல தடிமனில் கம்பிகள் விற்கிறார்கள், எண்பத்தைந்து ரிங்கிட். முதலில் மேல் பாதியைக் கையாலேயே முறுக்கி இழுத்து எடுத்துவிட வேண்டும், வழுக்கினால் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடிக்கலாம். பிறகு ரீஃபிலைக் கழற்ற வேண்டும். எழுதும் முனையின் துளை வழியாக மிக மெல்லிய கம்பியை விட்டு, உள்ளிருந்து மெக்கானிசத்தைத் தட்டினால் அது பின்பக்கமாக வெளியே வரும். பிறகு தடித்த கம்பியை அந்தப் பக்கம் விட்டு முனையைத் தட்டி எடுக்கலாம். தட்டும்போது பேனாவைக் கைக்குள் துணி சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். என் முதல் முனை பறந்து போய்ப் பக்கத்து வீட்டுச் செம்பருத்திக்குள் விழுந்தது, அரை மணி நேரம் தேடினேன்.

கம்பி வருவதற்காகக் காத்திருந்த நாட்களில் ஒரு நல்லது நடந்தது. பிரிக்க முடியாததால் உட்கார்ந்து யோசித்தேன். தொழிற்சாலையில் ஒரு மெஷின் நின்றுவிட்டால் நான் இப்படியா கண்டதையும் கழற்றுவேன்? ஒவ்வொரு பாகமாக விலக்கி, எந்த இடத்தில் பிரச்சினை மறைகிறது என்றுதானே பார்ப்பேன். அதையே செய்தேன். ஒரு பேனாவின் மேல் பாதியை முழுக்கக் கழற்றாமல் ஒரு மயிரிழை அளவு, காகிதம் நுழையும் அளவு மட்டும் பின்னால் இழுத்தேன். திருகினேன். சுகமாகத் திரும்பியது. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் நடு வளையத்தை இரண்டு பக்கமும் நெரித்துக்கொண்டிருந்திருக்கின்றன, அதுதான் இறுக்கம். பேனாவைப் பிடித்து எழுதும்போதும் திருகும்போதும் கை சற்றுக் கீழ்நோக்கி அழுத்தும். மேல் பாதி வெறும் இறுக்கத்தில் நிற்பதால் நாளாக நாளாக மில்லிமீட்டரில் ஒரு பங்கு கீழே இறங்கும். எண்ணெய் விடாத அந்த ஏழும் இந்த வகைதான். எண்ணெய் விட்டதிலும் இரண்டு. ஆக ஒன்பது பேனாவுக்கு வைத்தியம், சற்றுப் பின்னால் இழுத்தல். மறுபடி இறங்காமல் இருக்க, மேல் குழாயின் உள்ளே இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக் காயவைத்தேன். அப்புறம் மெருகுப் பூச்சு முனையில் தடித்து ஒரு உதடு மாதிரி நின்றிருந்தது, அதுவும் வளையத்தில் உரசும். தட்டையான கண்ணாடி மேல் உப்புத்தாளை வைத்து, பாகத்தை நேராக நிறுத்தி நாலு தடவை தேய்த்தால் போய்விடும்.

அடுத்தது, திருகும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் முறைத்து, அதைத் தாண்டினால் இளகும் பேனாக்கள், நாலு. இது முகம் சாய்ந்ததன் அடையாளம். சுற்றிவரும்போது இரண்டு பாதியின் உயர்ந்த ஓரங்களும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில்தான் பிடிக்கிறது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வளையத்தின் ஓரத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் நூல் மாதிரி வெளிச்சம் தெரியும், மறுபக்கம் தெரியாது. இதைச் சரிசெய்யப் புதுக் கட்டர் வாங்கினேன், எழுபது ரிங்கிட். அழுத்தாமல், தன் எடையிலேயே சீவவிட்டேன். புகையும் வரவில்லை, கருகல் வாசனையும் இல்லை.

மேல் பாதியை முழுக்க எடுத்த பிறகும் இறுக்கமாகவே இருந்தவை ஒன்பது. அவற்றில் ரீஃபிலைக் கழற்றினேன். மூன்று உடனே இளகிவிட்டன. அப்படியானால் குற்றம் மெக்கானிசத்தில் இல்லை, ரீஃபில் எங்கோ உரசுகிறது. முனையின் துளைக்குள் ஒரு பேனாவில் மெருகுப் பசை ஒரு சொட்டு காய்ந்திருந்தது, மற்ற இரண்டில் ரீஃபில் மரை கோணலாக ஏறியிருந்தது. வேலை பத்து நிமிடம். மிச்சம் ஆறுதான் நிஜமான நோயாளிகள், எபோக்சியும் பிசிறும் மெக்கானிசத்தை நெரித்தவை. கம்பியால் தட்டி எடுத்து, எலிவால் அரத்தைக் குழாய்க்குள் விட்டு மெதுவாகச் சுற்றிச் சுரண்டினேன். தேன் நிறத்தில் காய்ந்த எபோக்சி தூளாக விழுந்தது. விளிம்புப் பிசிறைப் பேனாக்கத்தியின் நுனியால் ஒரு சுற்று சீவினேன். நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் சுலபமாக வருமே என்று தோன்றும், வேண்டாம். அது காய்ந்த எபோக்சியை ஒன்றும் செய்யாது, ஆனால் வெளியே வழிந்தால் சூப்பர் க்ளூ மெருகைக் கரைத்துவிடும். ஒரு பேனாவில் என் கட்டைவிரல் ரேகை இன்றும் பதிந்திருக்கிறது.

தேங்காய் எண்ணெய் குடித்த பதினைந்து மெக்கானிசங்களையும் மாற்றிவிட்டேன். திறந்து கழுவும்படியான பொருள் இல்லை அது. புதுசில் தேவையான வழுவழுப்பு ஏற்கெனவே இருக்கிறது, எந்த எண்ணெயும் கேட்காது. புதிய மெக்கானிசம் இருபத்தைந்து தனியாக வரவழைத்தேன், ஒன்று நாலு ரிங்கிட், அனுப்பும் செலவு அறுபத்தைந்து, மறுபடி மூன்று வாரம். கிட் வாங்கும்போதே நாலைந்து உபரியாக வாங்கியிருந்தால் அந்த அறுபத்தைந்தும் மூன்று வாரமும் மிச்சம்.

இந்த முறை பொருத்தும்போது நான்கு இடத்தில் நின்று திருகிப் பார்த்தேன். மெக்கானிசம் வெறும் கையில் இருக்கும்போது ஒரு தடவை, அப்போதுதான் நல்ல மெக்கானிசம் எப்படித் திரும்பும் என்று விரலுக்குத் தெரியும். குழாயில் இறக்கிய பிறகு ஒரு தடவை. ரீஃபில் மாட்டிய பிறகு ஒரு தடவை. மேல் பாதி சொருகிய பிறகு ஒரு தடவை. எந்தக் கட்டத்தில் கை மாற்றத்தை உணர்கிறதோ, வியாதி அந்தக் கட்டத்தில்தான். மெக்கானிசத்தில் ஒரு கோடு இருக்கும், அதுவரைதான் இறக்க வேண்டும். ரீஃபில் மாட்டி முனை எவ்வளவு நீட்டுகிறது என்று பார்த்து, போதாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். ஒரேயடியாக இறக்கினால் எழுதும் முனை உள்ளே போகவே போகாது, சட்டைப் பையில் மைதான்.

கீறல் விழுந்த இரண்டுக்கும் மிச்சமிருந்த மரத்திலிருந்து புதிதாகக் கடைந்தேன். மிச்சமிருந்த மூன்று பேனாவுக்கான மரத்தில் இரண்டு போய், இப்போது அந்த உத்தரத்தில் ஒரே ஒரு பேனாவுக்கான துண்டு மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிசம் நூறு, அனுப்பு கூலி அறுபத்தைந்து, கம்பி எண்பத்தைந்து, கட்டர் எழுபது. சிரமம் கொடுத்த இருபத்திரண்டு பேனாவுக்கும் ஆளுக்குப் பத்து ரிங்கிட் என்று இருநூற்று இருபதைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் கேட்கவில்லை, செயலாளர் வேண்டாம் என்றுகூடச் சொன்னார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மொத்தம் ஐந்நூற்று நாற்பது. ஆயிரத்து அறுநூற்று இருபது வாங்கிய வேலையில், கிட், பசை, உப்புத்தாள் எல்லாம் போகக் கையில் நின்றது ஐந்நூறுகூட இல்லை. இரண்டு நாள் விடுப்பும், ஆறு ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, படுக்கையறை ஏர்கோனைப் பதினெட்டில் வைத்து, ஒரு இரவு முழுக்க அங்கேயே வைத்தேன். மனைவி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "பேனாவுக்கு ஏர்கோன், பில்லு யாரு கட்டுறது?" என்றாள். காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்பே இருபத்திரண்டையும் திருகிப் பார்த்தேன்.

அந்த மூத்த டீச்சர் தன் பேனாவை வாங்கி, இரண்டு விரலால் திருகினார், மறுபடி திருகினார். பிறகு மேல் பாதியைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார். "இப்ப ரொம்ப லேசா இருக்கே, கழண்டு வந்துடாதே தம்பி?" என்றார். வராது டீச்சர் என்றேன். ஆனாலும் வந்தால் எப்படிச் சொருகுவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்று ஒரு வருகைப் பதிவேட்டுத் தாளின் ஓரத்தை நுழைத்துக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். போன வாரம் வேறொரு பள்ளியிலிருந்து கேட்டிருக்கிறார்கள், இருபது பேனா. முதலில் ஒன்று செய்து தருகிறேன், உங்கள் ஆசிரியர் அறையில் ஒரு வாரம் கிடக்கட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.